கை நீட்ட முடியாதவர்கள்

“அமுக்கிட்டாருடீ! பார்த்தியா, அமுக்கிட்டாரு!” என்று அக்கா போட்ட கூச்சலில், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் மகன் பதறிப்போய் ஓடி வந்தான்.

கட்டிலில் கிடந்தவர் கண் திறக்கவில்லை. முதல் நாளே பேச்சு நின்றுவிட்டது. அவருடைய வலது கை மனைவியின் கைக்குள் இருந்தது. அக்கா அவர் காதருகே குனிந்து, “மாப்ளே, பேச முடியலன்னா பரவாயில்ல. ஆண்டவரை ஏத்துக்கிறீங்கன்னா என் தங்கச்சி கையை ஒரு தடவை அமுக்குங்க, போதும்” என்று கேட்டிருந்தாள். அவர்கள் சபையில் இது வழக்கம்தான். வாய் பேச முடியாதவர்களிடம் கடைசி நேரத்தில் அப்படித்தான் கேட்பார்கள். கேட்ட மறு நொடியே விரல்கள் அசைந்தன. அக்கா தன் கண்ணால் பார்த்தாள். அவள் பார்த்ததில் பிழை இல்லை.

ஆனால் அமுக்கியது அவர் இல்லை. பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு நொடியில், பயம் தாங்காமல் மனைவிதான் அவர் கையை இறுக்கிவிட்டாள். அந்த இறுக்கலில் அவருடைய விரல்கள் எழும்பித் தணிந்தன. “இல்லக்கா, அது நான்” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா முழங்காலில் விழுந்து தேம்பித் தேம்பி நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி அழுகிறவளை நிறுத்தி என்னவென்று சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த அப்புறம் வருவதற்குள், மறுநாள் விடியற்காலையில், அவர் மூச்சு அடங்கிவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், நம்பாத மனிதர். ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து சபை வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்ப்பக்கத்து நிழலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே கூப்பிட்டால், “ஊரையே மேல ஏத்தி விடுறவன் நான். என்னை ஏத்தி விட உங்க போதகர் வரணுமா?” என்பார். போதகரே அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்.

அவளோ ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். “நம்பாதவங்க தண்ணியில தத்தளிக்கிறவங்க இல்ல, ஏற்கெனவே மூழ்கிப்போனவங்க. கயிறு போட்டா பிடிக்கக்கூட கை நீட்ட மாட்டாங்க. ஆண்டவரே இறங்கித் தூக்குனாத்தான் உண்டு” என்று சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதை அவரிடமே சொல்லித் தொலைத்தாள்.

“அப்போ நான் பொணமா?”

“உள்ளுக்குள்ளங்க.”

“சரி, பொணத்துக்கு இன்னும் ரெண்டு வாய் காபி ஊத்து.”

அன்றோடு விட்டாரா? வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும்போதெல்லாம், “பொணம் வந்திருக்கு, கதவைத் திற” என்பார். அவளுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுவாள். இந்த மனிதர் இப்படியே போய்விட்டால் என்ன ஆவார் என்கிற நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் அவரோடு குடித்தனம் நடத்தினாள்.

அவர் போன அன்று விடிந்ததும் அவளும் மகனும் சேர்ந்து உடம்பைத் துடைத்துச் சட்டை போட்டுவிட்டார்கள். எத்தனை கழுவினாலும் போகாத கிரீஸ் கறை நகக்கண்ணில் அப்படியே இருந்தது. “கையைத் தூக்குங்க” என்றாள், பழக்கதோஷத்தில். கை தூக்கவில்லை. அவளே தூக்கினாள், விட்டதும் தொப்பென்று விழுந்தது. மறுபடியும் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தாள். இத்தனை வருஷம் வாய்க்கு வாய் பதில் சொன்ன மனிதர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவளின் விரல்கள் பாதியில் நின்றன. செத்தது என்றால் இதுதானா? வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் எவ்வளவு லேசாகச் சொன்ன வார்த்தை! கூப்பிட்டால் கேட்காது, தூக்கினால் நிற்காது. அப்படியானால் ஒரு காலத்தில் நானும் இப்படித்தானே கிடந்தேன் என்று நினைத்தாள். அக்காவின் தொல்லை தாங்காமல் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனவள் அவள். கொடியில் காயப்போட்ட துணியை மழைக்கு முன் எடுக்க வேண்டுமே என்று யோசித்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை, யார் கையையும் அமுக்கவில்லை. ஏனென்றே தெரியாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். வேறு ஆளாக வந்தாள். இந்த உடம்பு இப்போது எழுந்து உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி ஒரு காரியமா தனக்கு நடந்தது? அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அந்த அறையில் சத்தமாக மூச்சு விடவே பயமாக இருந்தது.

“அம்மா, என்னாச்சு?” என்றான் மகன்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அப்பா நிஜமாவே அமுக்குனாரா?”

அவள் காலரைச் சரிசெய்தாள்.

“பெரியம்மா ஊர் பூரா போன் போட்டுச் சொல்லிட்டாங்க. நிஜம்னா எனக்குச் சந்தோஷம்தான். இல்லன்னா, வாயத் திறந்து மறுக்க முடியாத மனுஷன் பேர்ல நீங்க கதை கட்டுறீங்க. அதுக்கு நான் சபைக்குள்ள வந்து தலையாட்ட மாட்டேன். வாசல்லயே நின்னுக்குறேன்.”

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். உண்மையைச் சொன்னால், கட்டிய கணவனைப் பரலோகத்தின் வாசலிலிருந்து தள்ளிவிட்டவள் அவளாகிவிடுவாள். சொல்லாமல் விட்டால், அவர் பெட்டிமேல் ஒரு பொய்யை வைத்து ஆண்டவர் முன்னால் அனுப்புகிறவளாகிவிடுவாள். ஐயோ, இதில் எதைச் செய்வது!

சபைக் கூடம் நிரம்பியிருந்தது. செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. “கடைசி நிமிஷத்துல தப்பிச்சுட்டாரு”, “உன் ஜெபம் வீண்போகல” என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் சீருடையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் சொன்னபடியே வாசல்நிலையில் சாய்ந்து நின்றான். போதகர் நாலு வார்த்தை பேசிவிட்டு, “சிஸ்டர், நேத்து நடந்ததை நீங்களே சாட்சியா சொல்லிடுங்க” என்றார். அக்கா விலாவில் இடித்தாள். “சத்தமா சொல்லு. பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

அவள் எழுந்தாள்.

“அவர் அமுக்கல” என்றாள். “அமுக்குனது நான்தான். பயத்துல நான்தான் அவர் கையை இறுக்கிட்டேன். அக்கா பார்த்தது அதைத்தான்.”

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். “ஏண்டீ, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நிறைஞ்ச பானையை நீயே போட்டு உடைக்கிறியே! அப்போ அந்த மனுஷன் எங்கடீ போயிருக்காரு?” கேட்டவளின் குரல் உடைந்துபோயிற்று. அவளும் அவருக்காக வருஷக்கணக்காக முழங்கால் தேய்த்தவள்தானே.

“தெரியலக்கா.”

“தெரியலயா?”

“தெரியல. இன்னிக்குக் காலையில அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன். விழுந்துடுச்சு. செத்தவங்களால கை நீட்ட முடியாதுன்னு நான்தானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்? அது என்னன்னு இன்னிக்குத்தான்க்கா பார்த்தேன். நீயும் நானும்கூட கை நீட்டி மேல வரல. யாரோ இறங்கி வந்து நம்மளத் தூக்குனாங்க. ஏன் தூக்குனாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.” அவள் முன்னால் இருந்த சவப்பெட்டியைப் பார்த்தாள். “இவர்கிட்டயும் ஆண்டவர் இறங்கி வந்தாரா, இல்லையா? பேச்சு நின்ன பிறகு உள்ள என்ன நடந்துச்சு? என்னால பார்க்க முடியல. எனக்குப் பயமா இருக்கு. ஆனா பொய் சொல்லி அவரைக் காப்பாத்த நான் யாரு? அது என் கை செய்யிற வேலை இல்ல.”

அவள் உட்கார்ந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள், திட்டுவார்கள், எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நகர்ந்து உட்காரவில்லை.

போதகர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார், வேறொரு பக்கத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். “ஜெபம் பண்ணுவோம்” என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அவர் தொடங்குவார் என்று காத்திருந்தார்கள். அவர் தொடங்கவில்லை. எந்த வீட்டுத் துக்கத்திலும் வார்த்தைக்குத் தடுமாறாத மனிதர், கண்ணை மூடியபடி பேசாமல் நின்றார். பின்வரிசையில் சீருடை ஆட்களில் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு இன்னொருவர். ஒருவரும் சொல்லாமலே கூடம் முழுவதும் எழுந்து நின்றது.

அவள் மட்டும் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். மகன் நிலையைவிட்டு நிமிர்ந்திருந்தான். அங்கே எல்லோரும் செருப்போடும் ஷூவோடும்தான் உள்ளே வருவார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் குனிந்து, ஒரு காலின் கயிற்றை அவிழ்த்தான். மற்றக் காலின் கயிற்றையும் அவிழ்த்தான். இரண்டு ஷூவையும் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, மெல்ல உள்ளே வந்தான்.