கால் அறுத்த மெஷினுக்கு எந்தக் கோர்ட்?

ரொட்டியக்கா கோர்ட்டுக்குப் புறப்பட்ட அன்று அவளுடைய வக்கீல் போட்ட முதல் உத்தரவு, வாயைத் திறக்கக் கூடாது என்பது. யாரிடம் போய் என்ன சொல்கிறார் பாருங்கள்! அந்தத் தெருவில் அவள் பேக்கரிக்கு வந்தவர்கள் யாரும் ரொட்டியோடு நாலு வார்த்தையும் சேர்த்து வாங்காமல் வீடு திரும்பியதில்லை.

"நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா. 'மெஷின் என்னோடது.' அவ்வளவுதான். அது ஏன் வந்துச்சு, எப்ப வந்துச்சு, உங்க தம்பி அப்ப என்ன நிலைமையில இருந்தார், எதுவும் வேணாம். அதை ஆரம்பிச்சீங்கன்னா வழக்கு எல்லை தாண்டிப் போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கோர்ட்டு வட்டாரத்தில் இந்த வக்கீலுக்கு எல்லைச்சாமி என்று பெயர். மற்ற வக்கீல்கள் நியாயம் யார் பக்கம் என்று முட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் இந்த வழக்கை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்று வாசலிலேயே அரிவாளோடு நிற்பார். பாதி வழக்குகளை அங்கேயே வெட்டிச் சாய்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். அப்பா சாகும்போது பேக்கரியை அக்கா, தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுவிட்டு, மாவு பிசையும் மெஷினை மட்டும் அக்காவுக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார். ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி அந்த மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போய்த் தனிக்கடை போட்டுவிட்டான். அவள் திரும்பி வந்தபோது தரையில் நாலு போல்ட் ஓட்டைதான் மிச்சம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான், ஒத்துக்கொள்வோம். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் மெஷினைக் கழற்றிக்கொண்டா போவது?

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. புது மெஷின் வாங்க வழியில்லை. மூட்டை மூட்டையாக மாவைக் கையாலேயே பிசைந்து அவளுடைய வலது தோள் போயிற்று. கை மார்புக்கு மேல் ஏறாது. தலை வாருவதற்குக்கூட இடது கையைப் பழக்கிக்கொண்டாள்.

போன வருஷம் ஒரு நாள் பேக்கரி வாசலில் லாரி வந்து நின்றது. இறக்கினால், வேறொரு மாவு பிசையும் மெஷின். தம்பி அனுப்பியது. கடுதாசி கிடையாது, போன் கிடையாது. அந்த மாதமே அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலாகிவிட்டான் என்று செய்தி வந்தது.

அக்காவுக்கு ஆத்திரமான ஆத்திரம். "பாத்தீங்களா? எடுத்ததைத் திருப்பி வெச்சுட்டான். கணக்குத் தீந்துச்சு, இனிமே நீ யாரோ நான் யாரோன்னு சொல்லாம சொல்லிட்டான். அதுலயும் மட்டமான சரக்கு பாருங்க, நாலு காலையும் அறுத்து வெச்சிருக்கு!" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் முறையிட்டாள். மெஷின் உண்மையிலேயே குட்டைதான். மற்ற மெஷின்களின் குண்டா நெஞ்சுக்கு நேராக நிற்கும். இதன் குண்டா இடுப்புக்குத்தான் வந்தது. குள்ளன் என்று பெயர் வைத்தாள். திட்டிக்கொண்டே அதில்தான் மாவு பிசைந்தாள். தோளுக்கும் மெல்ல மெல்ல உயிர் வந்தது.

அப்போதுதான் வந்தது வினை. திவாலானவனின் சொத்தையெல்லாம் திரட்டி, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு வைக்க அந்த நாட்டுக் கோர்ட்டு ஒரு பொறுப்பாளரை நியமித்திருந்தது. மூழ்கப் போகிறவன் கடைசி நேரத்தில் சும்மா தூக்கிக் கொடுத்த மெஷின் அது, சட்டப்படி திருப்பித் தர வேண்டும் என்று அவர் எழுதினார். எல்லைச்சாமி முந்திக்கொண்டார். இது தானம் இல்லை, அக்காவிடமிருந்து எடுத்துப் போன மெஷினுக்குப் பதில் மெஷின், அவளுடைய சொந்தச் சொத்து என்று உள்ளூர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். அவள் நம்பியதும் அதைத்தானே? பொய் ஒன்றும் இல்லை.

"ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கும்மா," என்று அவர் விளக்கியிருந்தார். "திவால்லேருந்து பொறந்த வழக்குன்னா, திவால் நடக்கற கோர்ட்டுக்குத்தான் போகணும். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் சரி. சும்மா 'என் பொருள், உன் பொருள்'னு வர்ற சாதாரண வழக்குன்னா நம்ம ஊர்லயே நடத்தலாம். இங்க நடந்தா மெஷின் உங்களுக்கு. அங்க போச்சுன்னா போனதுதான்."

போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி கைமாவு. இன்னொரு தடவை இந்தத் தோள் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். தோள் போனால் கடை போயிற்று.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நீளமான மரப் பெஞ்சு. அதன் ஒரு கோடியில் அக்கா, பக்கத்தில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர். மறு கோடியில் ஒரு மனிதர் ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லை தாண்டி ரயிலேறி வந்திருந்த பொறுப்பாளர் அவர்தான். எல்லைச்சாமி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். அக்கா எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்?

"ஏன் சார், இந்தக் கால் அறுத்த மெஷினுக்கா இவ்வளவு தூரம் அலையறீங்க? உங்களுக்கு வேற நல்ல சாமானே கெடைக்கலையா?"

அவர் சங்கடப்பட்டார். "உங்க வக்கீல் இல்லாம நான் பேசக் கூடாதும்மா."

"நான் வழக்கைப் பத்தியா கேட்டேன்? மெஷினோட காலைப் பத்தித்தானே கேட்டேன்."

"கோர்ட்டுல குடுத்த காகிதத்துலயே இருக்கு, உங்க வக்கீலும் படிச்சிருப்பார். அந்த மெஷினை எங்க ஊர்ல முழுக் காலோடதாம்மா வாங்கியிருக்கார். நல்ல கம்பெனி. லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி உங்க தம்பி ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் அறுத்திருக்கார். நல்ல பொருளை ஏன்யா கெடுத்தேன்னு கேட்டோம்." அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "'எங்க அக்காவுக்கு வலது கை மேல ஏறாது. குண்டா உயரமா இருந்தா அவளால மாவை வழிச்சு எடுக்க முடியாது'ன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

அக்கா வாயடைத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"அவனுக்கு என் தோள் விஷயம் எப்படித் தெரியும்?" என்று வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். உன்னைப் பத்தித்தான் கேப்பான்."

"எத்தனை வருஷமா நடக்குது இந்தக் கூத்து? ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவன் பேரை எடுத்தாலே நீ சூடான ரொட்டித் தட்டைத் தூக்குவே. எனக்கு உசிரு மேல ஆசை இருக்குல்ல?"

அவரைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பொறுப்பாளரிடம் மெல்லக் கேட்டாள், "தம்பி என்ன எழுதிக் குடுத்தான் சார்? பதிலுக்குப் பதில்னா? கடனைத் தீத்தேன்னா?"

"இல்லம்மா. 'குடுத்தேன், பதிலுக்கு எதுவும் வாங்கல'ன்னு எழுதியிருக்கார். மத்த எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்படைச்சுட்டார். உண்மையைச் சொன்னவரைக் கோர்ட்டு கடன்லேருந்து விடுவிச்சுடும். மறுபடி தொழில் தொடங்கலாம். இப்ப இந்தக் கோர்ட்டு, அது பதிலுக்குப் பதில்னு தீர்ப்புச் சொன்னா, அவர் எழுதினது பொய்னு ஆகும். கடன் குடுத்தவங்க சும்மா விடுவாங்களா? அவர் விடுதலை அதோட நின்னுடும். ஒரே விஷயத்துக்கு ரெண்டு கோர்ட்டு ரெண்டு விதமாப் பேசக் கூடாதுன்னுதான் நானும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன்."

எல்லைச்சாமி ஜெராக்ஸ் கட்டோடு வந்துவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எல்லைச்சாமி அன்றைக்குப் பேசினது போல் என்றைக்கும் பேசியதில்லை என்று பிற்பாடு குமாஸ்தாக்கள் சொன்னார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் எடுத்த பொருள், அதற்கு ஈடாக வந்த பொருள், திவால் என்பது நடுவில் தற்செயலாக வந்து விழுந்தது, அவ்வளவே என்று அடுக்கினார். எதிர்த் தரப்பு வக்கீலுக்கே தலை லேசாக ஆடியது. அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. குள்ளன், குள்ளன் என்று தினமும் திட்டினோமே என்பதுதான் மனசைப் போட்டு அறுத்தது. அப்பாவுடைய மெஷின் உயரமானது. எடுத்ததைத் திருப்பி வைக்கிறவன் அதே உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பான். தோளை நினைத்தவன்தானே காலை அறுப்பான்? இந்தச் சின்னக் கணக்கு ஒரு வருஷமாக இந்த மரமண்டைக்கு ஏறவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நீதிபதி ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெஷின் யாருக்குன்னு நான் இன்னைக்குச் சொல்லப் போறதில்ல. வழக்கு இங்கயா அங்கயாங்கறது மட்டும்தான் என் வேலை. அதுக்கு நான் வெச்சிருக்கற உரைகல் ஒண்ணுதான். தம்பி திவாலே ஆகலேன்னு வெச்சுக்குவோம். அப்பவும் இந்த வழக்கு இருந்திருக்குமா? இருந்திருக்கும்னா இங்க. இல்லேன்னா அங்க." அக்காவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. அந்த மெஷின் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

எல்லைச்சாமி மேசைக்குக் கீழே கையால் சாடை காட்டினார். மெஷின் என்னோடது, அவ்வளவுதான்.

அக்கா எழுந்தாள். மெஷினை நினைத்துக்கொண்டாள். விடிகாலையில் பொத்தானை அமுக்கியதும் குண்டாவுக்குள் மாவு சுருண்டு திரள்கிற சத்தத்தை நினைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அது எனக்குக் குடுத்தது மேடம். பதிலுக்குப் பதில் இல்ல. நான் அப்படித்தான் நெனச்சிருந்தேன், மனசறிஞ்சு பொய் சொல்லல. இப்பத்தான் புரிஞ்சுது. முழுகப் போறோம்னு தெரிஞ்சதும் இதையாவது அக்காவுக்குக் குடுத்துடணும்னு அனுப்பியிருக்கான். அவன் எழுதிக் குடுத்தது சரி. என் காகிதத்துலதான் தப்பு."

எல்லைச்சாமி தொப்பென்று உட்கார்ந்தார்.

"உங்க வக்கீல்கிட்ட வேணும்னா ஒரு வார்த்தை பேசிட்டு வாங்கம்மா," என்றார் நீதிபதி.

"பேச என்ன இருக்கு மேடம்? அவன் திவாலாகலேன்னா யாரும் என்கிட்ட மெஷினைக் கேட்டே வந்திருக்க மாட்டாங்க. அப்ப இந்த வழக்கு அங்கதானே போகணும்?"

நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வழக்கு இந்தக் கோர்ட்டுக்கு உரியது இல்லை. எழுதி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வெளியே வந்ததும் எல்லைச்சாமி குதித்தார். "ஜெயிக்கிற கேஸும்மா! வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சுட்டீங்களே! நான் எத்தனை வருஷமா இப்படி ஒரு கேஸுக்குக் காத்திருந்தேன் தெரியுமா?"

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க நல்லாத்தான் பேசினீங்க. உங்க பேச்சைக் கேட்டிருந்தா எனக்கு மெஷின் மிச்சம். தம்பி?"

எல்லைச்சாமி ஜெராக்ஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவர், திரும்பி வந்தார். "அந்தக் கால் விஷயத்தை நானும் படிச்சேம்மா. வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல. கேஸுக்கு ஆகாதுன்னு." முகத்தைப் பார்க்காமலேயே, "அங்க ஒரு வக்கீலைத் தெரியும். நம்பர் தர்றேன்," என்றார்.

சாயங்காலம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும், அக்கா மெஷின் பக்கத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டினாள். அவர் மறு பேச்சு இல்லாமல் நம்பரைப் போட்டு போனைக் கொடுத்தார்.

"சொல்லுங்க மாமா," என்றது தம்பியின் குரல்.

"மாமா இல்ல, நான்தான்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"வழக்கு உங்க ஊருக்கு வந்துடுச்சுடா. நீ குடுத்ததுதான்னு சொல்லிட்டேன். மெஷின் போயிடும்னு நெனக்கிறேன். போகட்டும், அதைப் பாத்துக்கலாம்."

"அக்கா..." அவனுக்குக் குரல் உடைந்தது. "தோள் எப்படி இருக்கு?"

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாய் மட்டும் வழக்கம்போல் முந்திக்கொண்டது. "ஏழு வருஷம் கழிச்சுக் கேக்கறியேடா, எரும மாடே! காலை அறுக்கத் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை எழுதத் தெரியலையா உனக்கு? உன் மெஷினைக் குள்ளன் குள்ளன்னு திட்டியே என் வாய் தேஞ்சு போச்சுடா." அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அவளுக்கும்தான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"விசாரணைக்கு நானும் வந்தாகணுமாம். உங்க ஊர்ல எனக்கு வழி தெரியாது. ஸ்டேஷனுக்கு வந்து நில்லு. பையை நீதான் தூக்கணும்."