நெஞ்சைப் பிடித்த மைத்துனன்

நயமறிந்த நண்பரே, கீழ்வானம் வெளுத்து, கதிரவன் அலைகளின் மேல் மெல்லத் தலைகாட்ட, துறைமுகத்துப் போர்க்கப்பல்கள் சாம்பல் நிறம் மாறாது உறங்கிக் கிடக்க, அவற்றின் அருகே போட்டிப் படகுகளின் வெண்பாய்கள் ஒவ்வொன்றாய் விரிந்து காற்றை எதிர்நோக்கி நின்ற அந்தக் காலைப்பொழுதைச் சற்றே கண்முன் கொணர்க. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத அக்காட்சியை ஒருவர் மட்டும் பார்க்கவே இல்லை. கப்பற்படை மருத்துவராகிய அவர், எவனோ தளர்த்தியிருப்பான் என்றெண்ணி, தம் படகின் முடிச்சுகளை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஐயுறுதல் அவர்க்குத் தொழில். கடலுக்கு அஞ்சி, சூடான தேநீரைக் கொப்பளித்துவிட்டுக் காய்ச்சல் என்று வந்து நின்றவர்களையும், வலக்கால் நொண்டி நுழைந்து இடக்கால் நொண்டி வெளியேறியவர்களையும் பிடித்துப் பிடித்து, அவர் கண்ணில் மண்ணைத் தூவ இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று பெயரெடுத்தவர். அப்பேர்ப்பட்டவரிடமிருந்து ஆண்டுதோறும் நழுவிக்கொண்டே போனது பாய்மரப் போட்டியின் கோப்பை ஒன்றுதான். வரும் மாதத்தில் பணி ஓய்வு; ஆகவே படையின் சார்பில் பாய்விரிக்க இதுவே அவர்க்குக் கடைசி வாய்ப்பு.

அவரோடு படகேறுபவன் மனைவியின் தம்பி. முந்தைய நாள் அவன் மருத்துவமனைப் படிக்கட்டில் இளைய மருத்துவனோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்து, இவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். அந்த இளையவனின் அண்ணன் ஓட்டுவதோ எதிரிப் படகு. அடுக்களையில் அக்காளும் தம்பியும் பேசியதும் இவர் நுழைந்தவுடன் நின்றுபோயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்? போதாக்குறைக்கு, படகை நீரில் இறக்கும் வேளை பார்த்து அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. இன்னிக்கு வேணாமே."

மருத்துவர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து உதறினார். "கல்லு மாதிரி இருக்கே! யார்கிட்ட உன் நடிப்பு? ஏறு படகுல!"

படகு கிளம்பிற்று. காற்று வாகாய் வாய்க்க, சுக்கானைத் தாமே பற்றி, கயிற்றை இழுக்குந்தோறும் தாடையில் சுருக்கென்று பாய்ந்த வலியைப் பாழாய்ப்போன பல் என்று வைதுகொண்டு, முன்சென்ற படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிக் கடைசித் திருப்பத்தையும் அவர் கடந்துவிட்டார். முன்னால் ஒரு படகும் இல்லை. அந்நேரம் பார்த்து மைத்துனன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகின் அடித்தளத்தில் சரிந்தான்.

"அத்தான்... நெஞ்சு... கரைக்குப் போயிடலாம்..."

"அடப்பாவி! யாருக்குடா விலைபோன?"

குனிந்து அவன் மார்பில் காதை வைத்தார். துடிப்பு பழுதற்றுச் சீராய் ஒலித்தது. பொய், நூற்றுக்கு நூறு பொய். ஆயினும், ஒருவேளை மெய்யாக இருந்துவிட்டால் மனைவியின் முன் எந்த முகத்தோடு போய் நிற்பது? பல்லைக் கடித்துச் சுக்கானைத் திருப்பினார். எதிரிப் படகு சர்ரென்று கடந்துபோக, அவர் கண்களில் நீர் முட்டிற்று. அதைத் துடைக்கவும் அவர்க்குத் தோன்றவில்லை.

கரையில் மனைவியும் இளைய மருத்துவனும் தூக்குக் கட்டிலோடு காத்திருந்தனர். படகு முட்டியதும் மைத்துனன் துள்ளிக் குதித்து இறங்கினான்.

"பார்த்தியா! எனக்கு அப்பவே தெரியும்டா, துரோகி!"

இளையவன் மைத்துனனை ஏறிட்டும் பாராமல் மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்தான். "ஐயா, நீங்க உட்காருங்க."

"நானா? எனக்கு ஒண்ணுமில்ல. வெறும் பல்வலி."

"மாடி ஏறினா மட்டும் வலிக்கிற பல்லு எந்த ஊர்ல இருக்குங்க?" என்றாள் மனைவி. "யார்கிட்டயாவது காட்டுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்! நீ டாக்டரா நான் டாக்டரான்னு கேட்டீங்களே..."

"மன்னிச்சிடுங்க அத்தான்" என்றான் தம்பி. "கிளம்புறதுக்கு முன்னாடியே தடுக்கப் பார்த்தேன், நீங்க விடல. கடைசித் திருப்பத்துல உங்க உதடு நீலமாயிடுச்சு. எனக்கு வேற வழி தெரியல."

இளையவன் இதயத் துடிப்பைக் கேட்கும் குழலை மருத்துவரின் மார்பில் பதித்து நெடுநேரம் கேட்டான். "இது பல்லு இல்லீங்க ஐயா, இதயம். எப்போலேர்ந்து இந்த வலி?"

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆறு மாசமா இருக்கும்."

இல்லாத நோயை உண்டென்று சொன்னவர்களையெல்லாம் கண்டுபிடித்த அந்தக் கண்கள், உள்ள நோயை இல்லையென்று சாதித்த ஒருவரை, நாள்தோறும் கண்ணாடியில் எதிர்ப்பட்டும், ஐயுறவே இல்லை. ஊரார்மேலும் உறவின்மேலும் தம் ஐயத்தையெல்லாம் வாரி இறைத்தவர், தமக்கென்று அதில் ஒரு துளியும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அவரைக் கிடத்திக் கட்டிலைத் தூக்கியபோது, அவர் கையை நீட்டி, தாம் துரோகி என்று ஏசியவனின் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டார்.