புலிநகமும் ஒரு ஃபிளெக்ஸ் பேனரும்

ரகசியம் காப்பது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் சித்ராதேவியிடம் போய்க் கேட்கலாம், அவள் சொல்லமாட்டாள். துவாக்குடியில் அவள் நடத்தும் ஹைட்ராலிக் பட்டறையின் மூலையில் மாதக்கணக்காக ஒரு சாமான் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "பழைய கிரைண்டர்" என்ற ஒரே பதில். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அவளோடு குடும்பம் நடத்தும் கணவர் அழகிரிக்கும் அதுவேதான். ஒரு கிரைண்டருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாய் என்று அவர் கேட்கவில்லை. நாள் முழுக்கத் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தும் இரும்பைப் பற்றிப் பேசுவாரா?

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை ஆயில் ஹோஸைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கிளாம்ப்பை அவள் புதுமாதிரியாகச் செய்து, பெருமையோடு நாலு பேரிடம் காட்டினாள். அடுத்த பொங்கலுக்குள் வெளியூர்க் கம்பெனி ஒன்று அதையே பாதி விலையில் கடைகளில் தொங்கவிட்டது. அவளுடைய அச்சில் தவறி விழுந்திருந்த சின்னப் பள்ளம் ஒன்றைக்கூட விடாமல் நகலெடுத்திருந்தார்கள். ஆனால் இரும்பு மட்டும் மட்டம். கை பட்டால் உடைந்தது. உடைந்ததையெல்லாம் ஜனங்கள் சித்ராதேவியின் பட்டறைக்கே கொண்டுவந்து திட்டினார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது கிளாம்ப் மாதிரி விளையாட்டுச் சாமான் இல்லை. அவளுடைய தம்பி ஜெயக்குமாருக்கு லால்குடியில் நெல் வயலும் டிராக்டரும் உண்டு. டிராக்டரோடு ஒரு டிப்பர் டிரெய்லர். ஜாக்கி தூக்க, தொட்டி பின்பக்கமாகச் சாய்ந்து நெல்லைக் கொட்டும். ஒரு அறுவடையில், தூக்கிய தொட்டிக்கு அடியில் தலையைவிட்டு எங்கே எண்ணெய் ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தான். அவன் வெளியே வந்ததும் ஹோஸ் வெடித்துத் தொட்டி தடாலென்று கீழே இறங்கியது. தலையில் கட்டியிருந்த துண்டு கழன்று உள்ளேயே விழுந்திருந்தது. அதை வெளியே எடுக்க இன்னொரு ஜாக்கி கொண்டுவர வேண்டியிருந்தது.

ஜெயக்குமார் அன்று சாயங்காலமே அதைச் சிரிப்புக் கதையாக்கி டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். சித்ராதேவி மட்டும் சிரிக்கவில்லை; அந்த நசுங்கிய துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஜாக்கியின் கழுத்தில் மூன்று எஃகு நகங்கள். எண்ணெய் அழுத்தம் இருக்கும்வரை அவை விரிந்து ஒதுங்கி நிற்கும். ஹோஸ் வெடித்து அழுத்தம் போனால் ஸ்பிரிங் உதைத்து, ஜாக்கியின் ராடை மூன்றும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தொட்டி அங்குலம் இறங்காது. புலிநகம் என்று பெயர் வைத்தாள். மட்டமான எஃகில் இதை யாராவது நகலெடுத்தால் நகம் வழுக்கும், யாரோ ஒருவர் தலையில் தொட்டி இறங்கும். ஆகவே பேட்டண்ட் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தாள்.

பேட்டண்ட்டுக்கு ஸ்ரீரங்கம் போனாள். கீழ உத்தர வீதியில் ஸ்ரீதர் என்றொரு பேட்டண்ட் ஏஜென்ட். நெற்றி நிறையத் திருமண், மடியில் லேப்டாப். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"விண்ணப்பம் போடற வரைக்கும் இது வெளியே தெரியப்படாதும்மா. ஊருக்கு முன்னாடியே தெரிஞ்ச சமாச்சாரத்துக்குப் பேட்டண்ட் கிடையாது. எம்பெருமானார் கோபுரத்து மேல ஏறி நின்னு ரகசியத்தை எல்லாருக்கும் சொன்னார்னா அது மோட்சத்துக்கு. இதுக்கு அது ஆகாது."

"அப்ப இன்னைக்கே போட்டுடலாமாங்க?"

ஸ்ரீதர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அன்று வியாழன்; விண்ணப்பம் எழுதவே ஒரு நாள் ஆகும். பிறகு சனிக்கிழமை அஷ்டமி, ஞாயிறு நவமி. "திங்கட்கிழமை தசமி. பேஷா போட்டுடலாம். இத்தனை மாசம் பொறுத்தேள், நாலு நாள் பொறுக்கப்படாதா?" என்றார்.

பொறுத்திருக்கலாம்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரமே சித்ராதேவி ஒரு காரியம் செய்திருந்தாள். டிரெய்லரில் ஜாக்கியை மாட்டும் பின் ஒன்றை அளந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது. முழு வரைபடத்தையும் வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பி, "இதுல வட்டம் போட்ட எடத்தை மட்டும் அளந்து சொல்லு. யாருக்கும் காட்டாதே" என்று எழுதியிருந்தாள். ஜெயக்குமார் அளவைச் சரியாகவே சொன்னான். அவனுக்குச் சொன்னதில் முதல் பாதி நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை லால்குடியில் ஜெயக்குமாரின் மகளுக்குக் காதுகுத்து. சித்ராதேவி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மேளம் கொட்டியது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ சால்வை போர்த்தினார்கள். கூட்டம் அவளைத் தலைநிமிரவிடாமல் மண்டபம்வரை தள்ளிக்கொண்டு போனது. மண்டப வாசலில் ஆளுயர மேடைமேல் ஏற்றிவிட்டு "அக்கா, இங்க பாருங்க, சிரிங்க" என்றான் போட்டோக்காரன். விசேஷ வீட்டில் கேமராவைக் கண்டால் யாருக்கும் முகம் தானாக மலரும். அவளும் பல் தெரியச் சிரித்தாள். காதுகுத்து குழந்தைக்கு, மாலை எனக்கு எதற்கு என்று யோசிக்கவே விடவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து காபி டம்ளரை வாயில் வைத்தபோது அந்தப் போட்டோ போனுக்கு வந்தது. அவள் தலைக்கு மேலே, மண்டபத்தின் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். "லால்குடி பெற்ற தங்கமே! ஹைட்ராலிக் சிங்கமே! உலகமே காணாத டிப்பர் பூட்டைக் கண்டுபிடித்த எங்கள் அக்காவே!" நடுவில், கட்டில் அளவுக்கு, அவளுடைய வரைபடம். ஜாக்கி, ஹோஸ், அளவுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. காது குத்திக்கொள்ளும் குழந்தை ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. சித்ராதேவிக்குக் கண் இருட்டியது. அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை.

"டேய் ஜெயக்குமார்!"

பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற தம்பி ஓடிவந்தான். "எப்படிக்கா இருக்கு? முந்தாநேத்தே கட்டிட்டோம். பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்றவங்கெல்லாம் நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க."

"யாருக்கும் காட்டாதேன்னு சொன்னேன்ல?"

"யாருக்கும் தனியா காட்டலக்கா. எல்லாருக்கும் பொதுவாத்தான் காட்டினேன்."

சித்ராதேவி அவனை அடிக்கவில்லை என்றால், அவன் கையில் கொதிக்கிற சாம்பார் இருந்தது ஒன்றுதான் காரணம். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பேனர் கயிறுகளை அரிவாள்மணையால் அறுத்தாள். விருந்தாளிகள் எல்லாரும் நாத்தனார்ச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். பேனரைச் சுருட்டித் தம்பியின் கார்மேல் கட்டி, அவனை முன்சீட்டில் தள்ளி, ஸ்ரீரங்கத்துக்கு ஓட்டச் சொன்னாள்.  கொள்ளிடம் பாலம் தாண்டும்வரை அவன் வேர்க்க வேர்க்க வண்டியை ஓட்டினான்.

ஸ்ரீதர் வீட்டுக் கூடம் பேனருக்குப் போதவில்லை. தெருவில் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பசுமாடு வந்து சிங்கத்தின் மேல் நின்றது. ஜெயக்குமார் அதை ஓட்டினான். ஸ்ரீதர் குனிந்து முதல் வரியிலிருந்து படித்தார்.

"'உலகமே காணாத'ன்னு போட்டிருக்கேளே! ஊர் முழுக்கக் காட்டிட்டு!"

"என் சம்மதம் இல்லாம போட்டதுங்க. அதைச் சொல்லலாம்ல?"

"சொல்லலாம். அப்படி ஒரு வழி சட்டத்துல இருக்கு." அவர் அவளுடைய போனைக் கையில் வாங்கினார். "ஆனா இதுக்கு அடியில மாலையும் கழுத்துமா நின்னு சிரிச்சுண்டிருக்கேளே அம்மா. சம்மதம் இல்லாதவா இப்படியா சிரிப்பா?"

சித்ராதேவி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நகத்துக்காக உடைத்த எஃகெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வெளியூர்க் கம்பெனிக்கு லால்குடியிலேயே ஏஜென்சி உண்டு; இந்நேரம் போட்டோ போய்ச் சேர்ந்திருக்கும். மட்டமான நகமும் வழுக்குகிற தொட்டியும் கண்முன் வந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அக்கா அழுவதைப் பார்த்து ஜெயக்குமாரும் அழத் தொடங்கினான். அவன் அழுதால் மூக்கு பெரிய சத்தம் போடும். எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்தாள்.

"சித்த சத்தம் போடாம இருக்கேளா?" என்றார் ஸ்ரீதர். பேனர்மேல் தவழ்ந்துகொண்டிருந்தார். "அம்மா, அந்த நகம் எங்க?"

"படத்துல நடுவுல, ஜாக்கி கழுத்துல."

"கழுத்துல இவர்னா இருக்கார்!"

சித்ராதேவி எட்டிப் பார்த்தாள். ஜாக்கியின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புக் கண்ணாடியும் கைகூப்பலுமாக, அண்டா அளவுக்கு ஜெயக்குமாரின் முகம் இருந்தது. நகம், ஸ்பிரிங், அம்புக்குறி எதுவும் இல்லை.

"டேய், இது எப்படிடா இங்க வந்துச்சு?"

ஜெயக்குமார் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இல்லக்கா... ஃபிளெக்ஸ் கடை கனிதான் டிசைன் பண்ணினான். என் போட்டோவைக் கீழ வரிசையில மச்சான்களோட போட்டிருந்தான். பணம் குடுக்கிறது நானு, நடுவுல வைடான்னேன். நடுவுல படம் இருக்கேண்ணேன்னான். அந்த எடத்துல என்னமோ சின்னச் சின்னதா கிறுக்கியிருந்துச்சா, பார்க்க அசிங்கமா இருந்துச்சு. அது மேல வைடான்னுட்டேன்."

அவளுடைய அத்தனை மாத உழைப்புதான் அந்தக் கிறுக்கல். சித்ராதேவிக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்தாள். அறைதான் முதலில்.

ஸ்ரீதர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "மத்ததெல்லாம் எல்லா ஜாக்கியிலயும் இருக்கறதுதான். நம்ம பேட்டண்ட் கேக்கறது அந்த நகத்துக்கு மட்டும். அது வெளியே வரலை. அந்த டிசைனர்கிட்ட போன் போட்டுப் படத்தை அழிக்கச் சொல்லுங்கோ. நம்பி ஒருத்தர்கிட்ட குடுத்தது வேற, ஊருக்குக் காட்டினது வேற. நான் இப்பவே போட்டுடறேன்."

ஜெயக்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். "இப்ப எமகண்டம் நடக்குது சாமி. தசமிக்குத்தானே..."

"பெருமாள் பார்த்துப்பார். நீர் வாயை மூடிண்டு உக்காரும்," என்று லேப்டாப்பைத் திறந்தார் ஸ்ரீதர்.

பயந்தது பலித்தது. விண்ணப்பம் அரசின் பேட்டண்ட் இதழில் வெளியானதும் அந்தக் கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. கையில் பேனரின் போட்டோ, மாலையும் சிரிப்புமாகச் சித்ராதேவி நிற்கும் போட்டோ இரண்டும். விசாரணை வீடியோவில் நடந்தது. ஸ்ரீதர் வீட்டுக் கூடத்தில் சித்ராதேவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் ஜெயக்குமார் அதே கறுப்புக் கண்ணாடியோடு வந்து பின்னால் நின்றான்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். "அந்த முகத்துக்குப் பின்னால் ஏதோ பிடிமானம் இருக்கிறது என்பது தெரிகிறது. அது என்ன என்பதைத் தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் சுலபமாக ஊகித்துவிடுவான்" என்று வாதாடினார்.

ஸ்ரீதர் தொண்டையைக் கனைத்தார். "அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குன்னே இத்தனை வருஷமா கூடப்பொறந்த அக்காவால ஊகிக்க முடியலை. தலைக்குப் பின்னாடி இருக்கறதை மெக்கானிக் எப்படி ஊகிப்பான்?"

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டோவைத் திரையில் பெரிதாக்கினார். கறுப்புக் கண்ணாடி திரை முழுக்க நிறைந்தது. "நகம் எங்கயும் இல்ல," என்றார். பிறகு, "கேக்கணும்னு அவசியமில்ல, இருந்தாலும் கேக்கறேன். யாரும்மா இவரு?"

"என் தம்பிங்க," என்றாள் சித்ராதேவி. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "அந்தத் தொட்டி விழுந்தது இவன் துண்டு மேலங்க. போன் வரலைன்னா இந்தத் தலை மேலயே விழுந்திருக்கும். இவனுக்காகத்தான் இந்த நகத்தையே செஞ்சேன்." சொல்லி முடித்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றினான். அந்த விபத்தைப் பற்றி அவன் சிரிக்காமல் கேட்டது அன்றுதான்.

பேட்டண்ட் கிடைத்தது. அந்த வாரமே சித்ராதேவி லால்குடிக்கு பஸ் ஏறி, நேராக முகம்மது கனியின் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனாள். பழைய பேனர் அளவுக்கே இன்னொன்று வேண்டும், சிங்கமும் தங்கமும் அப்படியே இருக்கட்டும் என்றாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று வரைபடத்தை முழுசாகவே கொடுத்தாள்.

"அப்ப அண்ணன் போட்டோவை எங்கக்கா வைக்கிறது?"

"அதே எடத்துல வை."

"நகம் மறைஞ்சு போயிடுமேக்கா?"

"மறைஞ்சா மறையட்டும்," என்றாள் சித்ராதேவி. "அதே எடத்துல வை."