பிரஷ் நின்ற பிறகு

பல் டாக்டர் இரண்டு பிரஷ்களைத் தட்டில் வைத்தார். ஒன்று சாதாரணம், மற்றது எலெக்ட்ரிக்.

"ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு. ரெண்டுலயும் என் முன்னாடி தேய்ச்சுக் காட்டுங்க பெரியவரே. எது கைக்கு ஒத்து வருதோ அதையே வச்சுக்கலாம்."

பெரியவர் பிரஷ்களைத் தொடாமல் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். காலமெல்லாம் சவரக்கத்தி பிடித்த கை கொஞ்ச நாளாக நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் மகனுக்கு, இப்போது சலூனை நடத்துகிறவனுக்கு, அது தெரியாது. கடையில் அவர் சுண்டுவிரலைக் கன்னத்து எலும்பில் ஊன்றிக்கொண்டு சமாளித்துவந்தார். வாய்க்குள் போகிற பிரஷுக்கு ஊன்ற இடம் ஏது? குட்டு வெளிப்பட்டால் கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் வீட்டு மூலையில் உட்கார்ந்து சுவரோடு பேச வேண்டியதுதான்.

"சோதனையெல்லாம் எதுக்கு? இதையே குடுங்க" என்று எலெக்ட்ரிக் பிரஷை எடுத்துக்கொண்டார்.

மகன் வாயைப் பிளந்தான். "வர்ற வழியெல்லாம் பல்லு தேய்க்க மோட்டாரான்னு என்னைக் கிண்டல் பண்ணீங்களேப்பா!"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல அமைந்தது அந்தப் பிரஷ். பிடி தடிமன், நழுவாது. பொத்தானை அழுத்தினால் பிரஷும் அதிரும், கையும் அதிரும். எது மோட்டார், எது நடுக்கம் என்று எவன் கண்டான்? ஈறும் ஆறியது. மனிதர் பாட்டுப் பாடாத குறைதான்.

சார்ஜ் போட மறந்தது அவர் தப்புதான். கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டு வாஷ்பேசினில் ஒருநாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்க, மகன் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பிரஷ் முனகிக்கொண்டே நின்றுபோனது. கை நிற்கவில்லை. கடைவாயில் பிரஷ் இடிபட, பற்பசை நுரை சட்டையில் தெறித்தது.

கண்ணாடியில் மகன் பார்த்துவிட்டான். தேள் கொட்டிய திருடனைப் போலப் பெரியவர் வாயைக் கொப்பளித்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"சளிக் காய்ச்சல்ல வந்த அசதிடா."

"உங்களுக்கு எப்பப்பா காய்ச்சல் வந்துச்சு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நாற்காலியில் வாத்தியார் காத்திருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறல் பட்டாலும் லேசில் நிற்காது. பெரியவரைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தைக் கொடுக்க மாட்டார்.

பெரியவர் கத்தியை எடுத்தார். பின்னாலேயே வந்த மகன் குறுக்கே நின்றான்.

"நான் பண்றேன்பா."

"தள்ளுடா. அவர் என் கையை நம்பி வர்றார்."

மகன் வாக்குவாதம் செய்யவில்லை, கத்தவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தானே நுரையைக் குழைத்துப் பூசிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தான்.

"முதல்ல எனக்குப் பண்ணுங்க. அப்புறம் அவருக்கு."

பெரியவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடமேயா பந்தயம் கட்டுகிறான் என்று சுண்டுவிரலை ஊன்றிக் கன்னத்தை மழித்தார். கீறல் இல்லை. வாத்தியார் கண்ணாடி வழியே பார்த்துத் தலையாட்டினார். பெரியவருக்கு மூச்சு வந்தது.

பிறகு கழுத்து. அங்கே எலும்பு இல்லை. விரல் வைத்த இடமெல்லாம் மெத்தென்று உள்ளே போனது. நுரைக்கடியில் மகனின் குரல்வளை ஏறி இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான், நாற்காலியின் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தான். பயப்படுகிறான் என்று அவருக்குத் தெரிந்தது. பயந்துகொண்டேதான் கழுத்தைக் கொடுத்திருக்கிறான்.

கத்தி முனை நுரையைத் தொட்டு ஆடியது. அவர் கத்தியை மடக்கினார்.

"வாத்தியாரே, என் கை நடுங்குது. இனிமே இவன்கிட்டயே உட்காருங்க" என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து, கழுத்தில் மிச்சமிருந்த நுரையை மகனுக்குத் துடைத்துவிட்டார்.