இரட்டை அலைக்கோட்டுக்குள் ஒரு மாப்பிள்ளை

1.

"மறைக்க வேண்டிய வரிய ஊருக்கே காட்டியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"நான் மறைச்சுத்தான் வெச்சேன், மரியெலா. அந்தக் கணினிதான்…"

இந்தக் கதை இவ்வளவிலிருந்துதான் பிறந்தது. உருகுவேயின் மொந்தேவிதேயோவில் எங்கள் அடுத்த வீட்டு அனிபல், மாத்தேத் தேநீரைக் குழலில் உறிஞ்சியபடி சொன்னான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. எழுதும்போது நானும் அவன் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

2.

தொடக்கம்: ~~மாமியார் சுல்மாவுக்கு எழுபது நிறைந்த ஞாயிறன்று வெயில்~~ வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

மறுபடி. கல்யாணமானதிலிருந்து அனிபல் மாமியார் வீட்டில்தான் இருக்கிறான். தனிக்குடித்தனம் போகலாமா என்று மனைவி மரியெலாவிடம் கேட்க வேண்டும், வாய் வரவில்லை. சுல்மாவின் பிறந்தநாளுக்கு ஓர் இணையப் பக்கம் செய்தான். வெறும் எழுத்தாகத் தட்டி, தலைப்புக்கு ஒரு ஹேஷ் (#), அழுத்தத்துக்கு நட்சத்திரம் என்று குறி வைத்து, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் பக்கம் தயார். வேண்டாத வரிகளை அவன் அழிப்பதில்லை. இருபுறமும் இரட்டை அலைக்கோடு (~~) போடுவான். பக்கத்தில் அவை மறைந்துவிடும்படி ஏற்பாடு.

அன்று மட்டும் மைத்துனனின் பழைய கணினியில் கட்டளையிட்டான். அதற்கு அலைக்கோடு தெரியாது. இருந்ததை இருந்தபடியே போட்டது:

‘அத்தையின் கைமணம் யாருக்கும் வராது. ~~இந்த வீட்டில் நான் இன்னும் விருந்தாளிதான். நாம் இருவரும்~~’

(வாயால் கேட்காதவன் ஏன் எழுதினான்? இங்கே அனிபலை நான் நம்பவில்லை. அடிக்கப் போகிற வரியில்தான் சிலருக்குத் தைரியம் வரும் போலிருக்கிறது.)

3.

சாப்பாட்டு மேசையில் மைத்துனன் கைபேசியை உயர்த்தினான். "மச்சான், பக்கத்துல அலை அடிக்குதே! கப்பல் எங்க கெளம்புது?"

எல்லோரும் சிரித்தார்கள். சுல்மா வாங்கிப் படித்தாள். எழுந்து போய், வெளியாட்கள் வந்தால் மட்டும் எடுக்கும் பூப்போட்ட தட்டைக் கொண்டுவந்து அனிபல் முன்னால் வைத்தாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க, மாப்ள."



4.

முடிவு ஒன்று: கணினியின் மேல் பழியைப் போட, எல்லோரும் ~~நம்பி~~ இல்லை, நம்பவில்லை.

முடிவு இரண்டு: சுல்மாவின் காலில் ~~விழு~~ அங்கே அந்த வழக்கமில்லை.

மரியெலா சொன்ன பதிலை அவன் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது சமையலறை வரைதான்.

"கணினிய விடு," என்றாள் மரியெலா, குழாயை மூடிவிட்டு. "எங்கிட்ட என்னமோ கேக்க வந்திருக்க. எழுதாத. கேளு."

அவன் ஈரத் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"தனியா போயிடலாமா, மரியெலா?"