ஒன்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம்

சைக்கிள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வழி சொல்வதுதான் அவளுடைய வேலை. மலைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றை ஒட்டி, தார் படாத சரளைப் பாதைகளாகத் தேடிப் பிடித்துக் கணினியில் கோடு வரைவாள். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு வருகிறவர்கள் அந்தக் கோட்டைத் தங்கள் கைப்பிடியில் மாட்டிய கருவியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். பெற்றவர்கள் சொல்லிக் கேட்காத பிள்ளைகள்கூட அவள் போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்கள். ரூட்டக்கா என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

ரூட்டக்காவுக்கு ஒரு வீம்பு உண்டு. தன் சக்கரம் உருளாத பாதையை அடுத்தவருக்குக் காட்ட மாட்டாள். அந்த வீம்புக்குத்தான் பத்து மாதத்துக்கு முன்னால் சோதனை வந்தது. தனியாகப் போனவள் எங்கோ விழுந்து தலையில் அடிபட்டாள். மேல் டவுன் ரயில் நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சவாரியை முடித்துவிட்டு நிலையத்துப் படிக்கட்டில் வழுக்கியிருப்பாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவளைக் கேட்டால் அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு நாள் மட்டும் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருந்தது. ஒரு வருஷம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் கருவி அன்றைக்கு நடந்ததைப் பதிந்து வைத்திருந்தது. கீழ்ப் பாலத்திலிருந்து மேல் டவுன் வரை, ஆறு பாறைகளுக்குள் நெருக்கியடித்து ஓடும் இடுக்கு வழியாக, ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். எடுத்துக்கொண்ட நேரம் இருபத்திரண்டு நிமிடம். இளவட்டங்களே நாக்குத் தள்ளிப்போகும் ஏற்றத்தில் இருபத்திரண்டு நிமிடம்! கடையின் மெக்கானிக்கும் அவளுடைய கணவருமான மனிதர், பஞ்சர் ஒட்ட வருகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்து இதைச் சொல்வார். அவளுடைய தங்கையோ அந்த நேரத்தை முறியடிக்காமல் விடுவதில்லை என்று தினமும் விடியலில் எழுந்து ஊர் மேட்டில் மிதித்துப் பழகிக்கொண்டிருந்தாள்; இடுக்குப் பக்கம் இன்னும் போகவில்லை. ரூட்டக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான். ஞாபகம் இல்லாத பெருமை என்பதுதான் கொஞ்சம் உறுத்தும்.

இந்த மழையில் வழக்கமான மலைப்பாதை சரிந்து மூடிவிட்டது. வருகிற ஞாயிறு நாற்பது பேர் வருகிறார்கள். இடுக்கு வழியைத் திறந்துவிடலாம் என்று ரூட்டக்கா முடிவு செய்தாள். இடுக்கில் மலை ரயிலின் தண்டவாளம் ஓடுகிறது, அதை ஒட்டி ரயில்வே ஆட்கள் போகிற சரளை ரோடு ஒன்றும் உண்டு. நாலு கிலோமீட்டருக்கு மேல் மரம் அடர்ந்துவிடுவதால் வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த ரோடு தெரியாது. தெரியாவிட்டால் என்ன, தன் பதிவு இருக்கிறது. சவாரிக்காரர்கள் எல்லோருடைய பதிவும் சேரும் பொது வரைபடத்தில் இன்னும் இருபது பேர் போன கோடும் தடியாகத் தெரிகிறது. வரைந்து முடித்தாள். தங்கை முன்னோட்டம் பார்க்கச் சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் போன் வந்தது.

"அக்கா, ரோடு முடிஞ்சுபோச்சு. எதிர்ல ரயில் சுரங்கம்தான் இருக்கு."

"பக்கத்துல ஒத்தையடிப் பாதை இருக்கும், நல்லா பாரு."

"பாத்துட்டேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. உன் கோடு நேரா சுரங்கத்துக்குள்ளதான் போகுது. நீ உள்ளயா போன?"

ரூட்டக்கா கண்ணை மூடி யோசித்தாள். சுரங்கம், இருட்டு, ஈரச் சுவர், எதுவுமே மனதில் எழவில்லை. ஆனால் கோடு போயிருக்கிறதே. அவளுக்குத் தெரியாதது கருவிக்குத் தெரியும் என்றுதானே பத்து மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்? தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாய் வரவில்லை.

"ஆமா, உள்ளதான் போனேன். சின்னச் சுரங்கம்தான். ரயில் பத்தே காலுக்குத்தான் வரும், சட்டுனு போயிடு."

"சரிக்கா" என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு, சொன்னது சரிதானா என்று கோட்டை மறுபடி பார்த்தாள். முன்னறையில் கணவர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றார்.

"சுரங்கம் வருதாம். நான் அதுக்குள்ள போயிருக்கேன் போல."

"போயிருக்கேன் போலன்னா? சுரங்கத்த பாத்தா யாரா இருந்தாலும் நின்னு, ரயில் வருதான்னு காது குடுத்துட்டுத்தான் போவாங்க. நீ நின்னியா?"

அவள் பழைய பதிவைத் திறந்தாள். சுரங்க வாசலில் நிற்கவேயில்லை. வேகம்கூடக் குறையவில்லை. ஆறு வளைகிற இடத்தில் கோடு வளையாமல் விறைப்பாக ஓடியது. பாறை மறைவில் சிக்னல் கிடைக்காமல் அப்படி வந்திருக்கும் என்று இத்தனை நாளும் சமாதானம் சொல்லிவைத்திருந்தாள். ஓரிடத்தில் மட்டும் இரண்டு நிமிடம் நின்றிருந்தது. அங்கே என்ன இருக்கிறது? ஒரு சின்ன ரயில் நிறுத்தம் இருக்கிறது.

"நாடி எவ்வளவு காட்டுது?" கணவர் எண்ணெய்க் கையோடு பின்னால் வந்து நின்றார். "நாடி பதியுற நெஞ்சுப் பட்டை கட்டியிருந்தியே, அத பாரு."

இத்தனை மாதத்தில் அந்தக் கட்டத்தை அவள் திறந்ததில்லை. நேரத்தைப் பார்த்துப் பூரிப்பதற்கே பொழுது சரியாக இருந்தது. திறந்தாள். ஏற்றம் முழுக்க அறுபத்தொன்று, அறுபது, அறுபத்தொன்று. ஒன்பது கிலோமீட்டரும் படுத்துக்கிடக்கிறவளின் நாடி. அதற்கு முன்னால், கீழ்ப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மணி நாற்பது நிமிடம் அசையாமல் ஒரே புள்ளி.

"நான் மிதிக்கவே இல்ல" என்றாள். "கீழயே விழுந்துட்டேன். யாரோ சைக்கிளோட ரயில்ல ஏத்தி விட்டிருக்காங்க. கருவிய யாரும் நிறுத்தல."

"அப்ப அந்த இருபது பேர்?"

"எல்லாரும் கீழ்ப் பாலம் வரைக்கும் சவாரி போயிட்டு ரயில்ல சைக்கிளோட திரும்பியிருப்பாங்க. அவங்களும் நிறுத்த மறந்திருப்பாங்க."

சுவரில் மணி பத்து ஐந்து. தங்கையின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. தங்கையின் கருவி அவ்வப்போது அனுப்பும் இடத்தைக் காட்டும் புள்ளி, திரையில் சுரங்க வாசலிலேயே இருந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைவதா, அலறுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலில் நின்றாலும் புள்ளி அங்கேதான் காட்டும். உள்ளே போய்விட்டாலும், சிக்னல் போன இடம் என்று அங்கேதான் காட்டும்.

கணவர் கீழ் நிலையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கொடி காட்டப் பிளாட்பாரத்துக்குப் போயிருப்பார்கள் போலிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் முக்கால் மணி நேர வழி. ரூட்டக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி அழுத்தினாள். பத்தே கால் ஆயிற்று. பத்து இருபது ஆயிற்று. நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததை, கணவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

பத்து இருபத்தாறுக்கு போன் அடித்தது.

"அக்கா."

கணவர் போனை வாங்கிக் கத்தினார். "எங்கம்மா இருக்க?"

"வெளியிலதான் மாமா. இப்பத்தான் ரயில் போச்சு, இன்னைக்கு பத்து நிமிஷம் லேட்டு. அப்பப்பா, காது அடைச்சுப்போச்சு."

"உள்ள போகலையா?" என்று போனைப் பிடுங்கிக் கேட்டாள் ரூட்டக்கா.

"போனேனே. பாதி தூரம் இருக்கும். கைப்பிடி சுவத்துல உரசுது. ரயில் வந்தா ஒதுங்கக்கூட இடமில்ல. இதுல அக்கா எப்படி அவ்வளவு வேகமா போனானு யோசிச்சேன். நான்தான் எங்கயோ வழி தப்பி வந்துட்டேன், அக்கா போன வழி வேறன்னு தோணுச்சு. அதத் தேடத்தான் வெளிய வந்தேன்."

அக்கா சொன்னது பொய்யாக இருக்குமோ என்ற நினைப்பே அந்தப் பெண்ணுக்கு அப்போதும் வரவில்லை. அதைக் கேட்டதும் ரூட்டக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் அந்த வழியா வந்ததே இல்லடி. மயக்கமா கெடந்தவள ரயில்ல கொண்டுவந்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, போனேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இருபத்திரண்டு நிமிஷம்?"

"அது ரயிலோட நேரம்."

"அடிப்பாவி! பத்து மாசமா ரயில் கூடவா போட்டி போட்டுக்கிட்டிருந்தேன்?" தங்கை சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று அவளுக்கும் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பிறகு தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இப்ப எந்தப் பக்கம் வரட்டும்? நீயே சொல்லு" என்றாள்.

திரையில் தடித்த கோடு அப்படியே இருந்தது. ரூட்டக்கா கணினியை அணைத்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "உன் கண்ணுக்கு என்ன தெரியுது, அதச் சொல்லு."