முன்னால் போகிறவர் கத்த வேண்டும்

1

இந்தக் கதை ஒரு நாயிடமிருந்து பிறந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், நாயே இல்லாத ஓர் இடத்திலிருந்து. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நான் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாளைக்கு மழை என்று ஊருக்கே சொல்லிவிட்டு, மறுநாள் சுள்ளென்று வெயிலடிக்கும்போது அதே ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன். நீங்கள் அதைப் பொய் என்பீர்கள். நாங்கள் முன்னறிவிப்பு என்போம்.

இன்னொன்று. எழுதுவதை எல்லாம் மனைவிக்கு உடனுக்குடன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவளுடைய ஆட்சேபணைகளை அப்படியே அடைப்புக்குறிக்குள் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

[“அப்படியேன்னா அப்படியே. மெருகு பூசினீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்.”]

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘பனி மூடிய கால்வாய்க் கரையில், முத்துகளாய்ச் சிதறிக் கிடந்த சரளைக்கற்களின் மீது இரண்டு சைக்கிள்கள்...’

[“பனியா? அன்னிக்கு வேர்த்து ஊத்துச்சு.”]

இரண்டாம் முயற்சி:

‘பூங்காவின் பின்வாசலில் கிளம்பும் அந்தப் பாதை உலகத்தின் மறுமுனை வரை...’

[“பழைய மதகு வரைக்கும். அதைத் தாண்டினா முள்ளுவேலி.”]

விடமாட்டாள். சரி, உள்ளதைச் சொல்கிறேன்.

பூங்காவுக்குள் பொடிச் சரளை. டயர் அதன்மேல் ஓடும்போது அரிசி களைகிற சத்தம் கேட்கும். பூங்கா முடிகிற இடத்தில் தாழ்வான வளைவுப் பாலம். அதனடியில் செங்கல் பாவியிருப்பதால் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அதைத் தாண்டினால் கால்வாய்க் கரை. அங்கே பெருஞ்சரளை, யாரோ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது போல. ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில் மரமும் கரியும் ஏற்றிய படகுகள் போயினவாம். நாங்கள் பார்த்ததெல்லாம் பாசிதான். பாதையின் கடைசியில் மதகு. இரண்டு பெரிய மரக்கதவுகள். அவற்றின் இடுக்கு வழியே தண்ணீர் ஓயாமல் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். கல்யாணமான புதிதில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். எங்கள் பெரிய சண்டைகள் எல்லாம் போகும் வழியில் தொடங்கி மதகடியில் முடிந்தவை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் யாராலும் கத்திச் சண்டை போட முடியாது.

3

என் மனைவி பேருந்து ஓட்டுநராக இருந்தவள். வாழ்க்கையில் யாருக்கும் பின்னால் உட்கார்ந்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த வாடகை வண்டியைக்கூட அவளேதான் ஓட்டி வந்தாள். பாவம் அந்த டிரைவர், பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

[“டிரைவர் என் பக்கத்து சீட்ல இருந்தார். பின்சீட்ல மாப்பிள்ளை வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டிருந்தார்.”]

சரளைப் பாதையில் இருவர் போனால் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் கத்த வேண்டும். பின்னால் வருகிறவருக்கு ஒரு முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாதல்லவா? முன்னால் எப்போதும் அவள்தான். “குழி!” என்பாள், குழி இருக்கும். “குனி!” என்பாள், பாலம் வரும். ஒரே சொல், தப்பே வராது. ஒருமுறை அவள் சைக்கிளில் செயின் கழன்றதால் நான் முன்னால் போகும் பாக்கியம் கிடைத்தது. “முதலை!” என்று கத்தினேன். தண்ணீரில் கிடந்தது மரக்கட்டை. அத்தோடு என் பதவி பறிபோனது.

இப்போது அந்த நாய். ஒரு ஞாயிறு, பாலத்தைத் தாண்டியதும், அவள் “நாய்!” என்று கத்திப் பிரேக்கைப் பிடித்தாள். எட்டிப் பார்த்தேன். பாதையோரம் வெட்டிவிட்ட ஓர் அடிமரம். எனக்கு வந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்ல! இத்தனை வருஷ சகவாசத்தில் இவளும் ஒருவழியாகப் புளுகக் கற்றுக்கொண்டாளே!

“பிரமாதம்! ஆனா வால் எங்க? அடுத்த தடவை வாலோட சேர்த்து விடு!”

அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் ஒரு கல்லைப் பார்த்து “வாத்து!” என்றாள். நான் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தட்டி, புதருக்குள் போய் விழுந்தேன்.

பிறகு ஒரு நாள் கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டியபோது, அவள் ஓரத்து எழுத்துகளை மட்டும் வாசித்துவிட்டு நடுவில் இருந்தவற்றை விட்டுவிட்டாள். அப்போதுதான் எனக்கு

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

[“நிக்கட்டும். ஆனா வாத்துக்குக் கை தட்டினீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் எழுதுங்க.”]

4

அவளுக்கு நடுப்பார்வையில் புகை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். என் முகம் தெரிய வேண்டுமென்றால் ஜன்னல் பக்கம் திரும்புவாள். முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது அவள் ஜன்னலைப் பார்த்தால் தலையை வாரிக்கொள்கிறேன்.

இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் சீட்டின் உயரத்தைச் சரிபார்க்கக் கேட்டார்: “முன்னாடி உட்காரப்போறது யாருங்க?”

கடைக்காரர் ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“அவருதான்,” என்றாள் கடைசியில். ஒரு பேருந்தைத் தூக்கி வைத்தவள் போல அவளுக்கு மூச்சு வாங்கியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. “ஆனா ஒண்ணு. இனிமே நீங்க கத்துறதைத்தான் நான் நம்பணும். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னாலும் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் சைக்கிள் பேச்சே கிடையாது.”

“சின்னதா ஒரு முதலைகூட...?”

“யோவ்!”

கடைக்காரர் குனிந்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த மணியைத் துடைக்கத் தொடங்கினார்.

5

கிளம்பும்போதே சொன்னாள்: “மதகு வரைக்கும் போவோம். அது இல்லேன்னா அந்தப் பாதையில போறதுக்கு என்னங்க இருக்கு?”

பொடிச் சரளை அரிசி களைந்தது. “குழி!” என்றேன். குழி இருந்தது. “குனி!” என்றேன். அவள் அதற்கு முன்பே குனிந்திருந்தாள்; செங்கல்லின் மௌனம் அவளுக்குச் சொல்லிவிட்டது. கால்வாய்க் கரையில் பின்னாலிருந்து கேட்டாள்:

“என்ன தெரியுது?”

“பாசி.”

“அப்புறம்?”

“இன்னும் கொஞ்சம் பாசி.”

ஒரு படகை மிதக்கவிட என் நாக்கு துடித்த துடிப்பு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அப்போது, சத்தியமாக, ஒரு நீலப் பறவை தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தது.

“மீன்கொத்தி!”

பின்னால் பெடல் நின்றது. “நிஜமாவா?”

“உன் மேல சத்தியமா!”

“என் மேல வேண்டாம். சைக்கிள் மேல பண்ணுங்க.”

பண்ணினேன். பெடல் மறுபடி சுழன்றது.

மதகை நெருங்கினோம். ஏதோ குறைந்தது. என்னவென்று அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

“தண்ணி சத்தம் கேக்கலையே.”

நான் பார்த்தேன். மரக்கதவுகள் இல்லை. இரண்டு பக்கமும் கல்தூண்கள் மட்டும் நின்றன. நடுவில் அசையாத பாசித்தண்ணீர், அதில் யாரோ வீசியெறிந்த ஒற்றை நாற்காலி. அவள் ஒரு காலைச் சரளையில் ஊன்றி நின்றாள்.

“ஏங்க, மதகு இருக்கா?”

6

முடிவுகளின் பட்டறை இது. கால் இடறாமல் நடந்து வாருங்கள்.

முதல் முடிவு: நான் “இருக்கு” என்கிறேன். அது அவளுக்குத் தெரிந்தால் இறங்கி நடந்துவிடுவாள்.

இரண்டாம் முடிவு: நான் “இல்லை” என்கிறேன். உண்மைதான். ஆனால் அது இல்லையென்றால் போவதற்கு என்ன இருக்கிறது என்று காலையிலேயே கேட்டவள் அவள்.

மூன்றாம் முடிவு: அந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு முதலை

[“ஏங்க!”]

சரி, அடித்துவிட்டேன்.

நான் ஒரு சொல் சொன்னேன். ஒரே சொல், அவள் பாணியில். அது என்ன என்று எழுதமாட்டேன். எழுதினாலும் நம்பமாட்டீர்கள், இதுவரை வாசித்தவர்களாயிற்றே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் அந்தச் சொல்லைச் சொல்லும் முன்பே அவள் முகத்தை எதிர்க்கரைப் பக்கமாகத் திருப்பினாள். காற்றுக்காகத் திருப்பினாளா, ஓரக்கண்ணால் மதகைத் தேடினாளா, தெரியாது. நான் சொன்னதைக் கேட்டாள். ஊன்றியிருந்த காலை எடுத்துப் பெடலில் வைத்தாள்.

“திருப்புங்க வண்டியை. அடுத்த வாரம் தேநீர்ல சர்க்கரை கம்மியா போடுங்க.”

7

இதுவரை எழுதியதை இப்போதுதான் வாசித்துக் காட்டி முடித்தேன்.

“அன்னிக்கு நீ பார்த்தியா, பார்க்கலையா?” என்று கேட்டேன். “சொல்லு, கதையை முடிக்கணும்.”

அடைப்புக்குறியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். [

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் தலையை வாரிக்கொள்கிறேன்.

வாசகரே, முன்சீட் இப்போது காலி. ஏறி உட்காருங்கள். எதிரே இரண்டு கல்தூண்கள், பாசி, ஒரு நாற்காலி. உங்களுக்குப் பின்னால் ஒருத்தி, ஒரு காலைச் சரளையில் ஊன்றிக் காத்திருக்கிறாள்.

கத்துங்கள்.